பட்டறைச் சுவருக்குத் தகரக் கவசம்

சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. எழுதப்போகும் சித்திரம் யாது என்பதை அறிந்த பின்னரே சுவரை ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்பதும் அதனுள் அடங்கிய பொருளாகும். சுவாமி அறைக்கு ஏற்ற சுவர் அடுக்களைக்கு ஏற்றதன்று. அடுக்களைக்கு ஏற்றது பட்டறைக்கு ஏற்றதன்று.

மானிப்பாயிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இன்று ஒழுங்கைகளினூடே நடந்து செல்வோர் செவியில், கோவில் மணியோசையோடு அரத்தின் ஓசையும் தகடு வெட்டும் ஓசையும் கலந்து விழுவதுண்டு. முன்னாளிற் கார் நின்ற கொட்டகை, நெல் மூட்டை அடுக்கிய பின்னறை, மாடு கட்டிய தாழ்வாரம் ஆகியன இன்று இளைஞர்தம் சிறு பட்டறைகளாக மாறிவருகின்றன. ஒருவர் நீர்ப்பம்பியின் மோட்டருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிறார். ஒருவர் படலை செய்கிறார். மற்றொருவர் அலுமினியச் சட்டங்களை அறுத்து யன்னல் பொருத்துகிறார். இவர்களின் பெற்றார் சிலர், "வேலை செய்யும் அறையின் உட்சுவருக்குத் தகரம் அடிக்கலாமா? பூச்சுப் பூசுவதா? பலகை அடிப்பதா?" என எம்மிடம் வினவுவர். வினா சிறிதாயினும் விடை சிறிதன்று. தீ, மின்சாரம், வெப்பம், ஒலி, கறள் என்னும் ஐந்தும் அவ்விடையில் அடங்கியுள்ளன. ஒரு குடும்பத்தின் சேமிப்பும், சிலவேளை ஓர் உயிரும் அதனைப் பொறுத்தே இருக்கக்கூடும்.

தகரம் அல்லாத தகரம்

நாம் நாடோறும் தகரம் என்று கூறும் பொருள் உண்மையில் தகரமன்று. தகரம் என்பது வெள்ளீயத்தின் பெயர். பிஸ்கற் பேணிகளுக்குள் இரும்பின்மேற் பூசப்பட்டு மினுங்குவது அது. வேலியிலும் கூரையிலும் நாம் காணும் நெளிதகடோ நாகமுலாம் பூசிய இரும்பாகும். நாகத்தைப் பேரளவில் வடித்தெடுக்கும் கலை இராசத்தானத்துச் சாவர் என்னும் இடத்திற் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சிறந்து விளங்கியது என்பது நாம் பெருமையுடன் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

மெல்லிய இரும்புத் தகட்டை நெளித்தால் அதன் வலிமை பன்மடங்காகும் என்பதைப் பயன்படுத்தி, 1829 ஆம் ஆண்டில் இலண்டன் துறைமுகப் பொறியியலாளராகிய ஹென்றி றொபின்சன் பாமர் உரிமைப் பத்திரம் பெற்றார். ஒரு தாளை எடுத்து இரு புத்தகங்களுக்கிடையே பாலம்போல வைத்துப் பாருங்கள், நடுவே தொய்ந்துவிடும். அதே தாளை விசிறிபோல மடித்து வையுங்கள். ஒரு பென்சிலையும் தாங்கும். பாமர் கண்ட உண்மை அவ்வளவே. எனினும் அவர் தகடு விரைவிற் கறள் பிடித்தது. 1837 இல் பிரான்சு நாட்டு ஸ்ரனிஸ்லாஸ் சொரெல் என்பார் உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்ற பின்னரே நெளிதகடு உலகை வலம்வரத் தொடங்கியது.

நாகம் ஏறத்தாழ 420 பாகை செல்சியசில் உருகும். அக்குழம்பில் தோய்ந்த இரும்பு ஒரு போர்வையை மாத்திரமன்றி ஒரு காவலனையும் பெறுகிறது. தகட்டிற் சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள நாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். தன்னை அழித்துப் பிறரைக் காக்கும் இப்பண்பு, உப்புக் காற்று வீசும் எமது குடாநாட்டிற் பெரிதும் வேண்டற்பாலது. ஆயின் காவலனுக்கும் ஆயுள் உண்டு. நாகம் தீர்ந்தவிடத்துக் கறள் புகும்.

எம் மண்ணும் தகரமும்

யாழ்ப்பாணத்தவர்க்குத் தகரம் வெறும் கட்டடப் பொருளன்று, நினைவுப் பொருளுமாகும். கிடுகு வேலி நின்ற எல்லைகளில் தகர வேலி வந்ததை நாம் கண்டோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெயர்ந்து தென்மராட்சிக்கும் அதற்கப்பாலும் சென்றபோதும், 2009 இல் வன்னி மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்தபோதும், தகரமும் தறப்பாளுமே பலருக்கு வீடாயின. நண்பகலில் அத்தகரத்தின் கீழ் இருந்தவர்க்கு, உலோகம் வெப்பத்தைக் கடத்தும் என்ற பாடத்தை எந்த ஆசிரியரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகையினாலேதான், போரால் வீடிழந்தோர்க்கென வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்கு வீடுகளை முன்கூட்டியே செய்து பொருத்தும் திட்டமொன்றை 2015, 2016 ஆம் ஆண்டுகளில் அரசு முன்வைத்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் பல வினாக்களை எழுப்பினர். வெப்பத்தை எங்ஙனம் தாங்குவது? உப்புக் காற்றில் எத்துணைக் காலம் நிலைக்கும்? பின்னர் ஓர் அறை கூட்டிக் கட்ட இயலுமா? ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் கிடைக்கவேண்டிய கூலி எங்கே போகும்? கல்வீட்டிலும் கூடிய செலவு எதற்கு? திட்டம் முன்மொழியப்பட்டவாறு நிறைவேறவில்லை.

இவ்வரலாறு தெரிந்தவர்கள், "வெளிச்சுவருக்கே வேண்டாம் என்ற உலோகத்தை உட்சுவருக்கு ஏன் பரிந்துரைக்கிறீர்?" என்று கேட்பது நியாயமே. வெயிலையும் மழையையும் நேரே ஏற்கும் வெளிச்சுவர் வேறு. கற்சுவரின் உட்புறத்தே காயம் படாமற் காக்கும் கவசம் வேறு. முன்னையது வீட்டின் உடல். பின்னையது வேலையாளின் முன்றானைத் தோல் போன்றது. உடலுக்கு ஆகாத பொருள் கவசத்துக்கு ஆகலாம்.

பயன் யாது?

எமது பழைய வீடுகளின் சுவர் சுண்ணாம்புக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனது. அது வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும், வாழ்வதற்கு இனியது. ஆயின் இரும்புக் கம்பி இடித்தால் உதிரும். எண்ணெய் பட்டால் உறிஞ்சும். உதிர்ந்த தூள் கருவிகளின்மேற் படியும். பலகையோ ஒட்டுப்பலகையோ அடித்தால் ஈரமுள்ள சுவரிற் கறையான் வழி கண்டுகொள்ளும். அரைக்கும் சில்லிலிருந்து பறக்கும் தீப்பொறி பலகையின் இடுக்கில் விழுந்தால், வேலை முடித்துக் கதவைப் பூட்டிச் சென்ற பின்னரும் புகைந்துகொண்டிருக்கும்.

தகட்டில் இத்தொல்லைகள் இல்லை. பொறி பட்டாற் பற்றாது, எண்ணெய் பட்டால் துடைக்கலாம், கறையான் அரிக்காது. வெளிறிய நிறமாயின் ஒரு விளக்கின் ஒளியை அறை முழுவதும் பரப்பும். பழுதுற்ற ஒரு தகட்டை மாத்திரம் கழற்றி மாற்றலாம் என்பது பூச்சுக்கு இல்லாத வசதி.

அரைச்சுவரே போதும்

எனினும் நிலத்திலிருந்து கூரை வரை தகரம் அடிக்கவேண்டும் என்பது வீண் ஆசை. இடியும் எண்ணெயும் பொறியும் பெரும்பாலும் இடுப்பளவுக்குக் கீழேயே படுகின்றன. மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறையின் சுற்றளவு 44 அடி. கதவுக்கு 3 அடி கழித்தால் 41 அடி. ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபின் ஒரு தகடு 2½ அடியை மூடுமாயின், 17 துண்டுகள் வேண்டும். நான்கடி உயரம் போதுமெனின் எட்டடித் தகடு ஒன்றை இரண்டாக வெட்டலாம். 9 தகடுகளுடன் வேலை முடிந்துவிடும். எட்டடி உயரத்துக்கும் அடித்தால் 17 தகடுகள் வேண்டும். மீதமாகும் எட்டுத் தகடுகளின் விலையை, கீழே நாம் கூறப்போகும் ட்ரிப் சுவிச்சுக்கும் முகக் கவசத்துக்கும் செலவிடுதலே அறிவுடைமை. பொறி பறக்கும் மேசையின் பின்புறத்தில் மாத்திரம் உயர்த்தி அடித்தாற் போதும்.

தகட்டின் கனத்தைக் கடைக்காரர் கேஜ் என்னும் இலக்கத்தாற் கூறுவர். இலக்கம் கூடக் கனம் குறையும் என்பதை நினைவிற் கொள்க. இங்கிலாந்து நியம அளவில் 24 கேஜ் ஏறத்தாழ 0.56 மில்லிமீற்றர், 26 கேஜ் ஏறத்தாழ 0.46 மில்லிமீற்றர். ஏணியும் கம்பியும் சாயும் சுவருக்கு முன்னையதே நன்று. இக்காலத்தில் நாகத்துடன் அலுமினியமும் கலந்து முலாமிட்ட தகடுகள் பெருகியுள்ளன. 1972 இல் அமெரிக்காவிற் சந்தைக்கு வந்த அவ்வகையில் அலுமினியம் நூற்றுக்கு 55 பங்கு. உப்புக் காற்றை அது நன்கு தாங்கும். ஆயின் ஈரச் சீமெந்தும் பச்சைச் சுண்ணாம்பும் நாகத்துக்கும் அலுமினியத்துக்கும் பகையாதலால், புதுப் பூச்சு நன்றாகக் காய்ந்த பின்னரே எத்தகட்டையும் பொருத்துதல் வேண்டும்.

பொருத்தும் முறை

முதலிற் சுவரின் ஈரத்தைப் பார்க்கவேண்டும். மாரி மழையில் அடியிலிருந்து ஈரம் ஏறும் சுவரைத் தகரத்தால் மூடுதல், புண்ணை ஆற்றாமற் கட்டுப்போடுவதை ஒக்கும். ஈரம் வரும் வழியை அடைத்த பின்னரே மேற்கொண்டு செல்க.

தகட்டைச் சுவரோடு ஒட்டி அடித்தலாகாது. குறுக்கே சிலாகைகள் பொருத்தி, அவற்றின்மேல் தகட்டை நெடுக்காக நிறுத்தவேண்டும். பழைய வீடு பிரிக்குமிடத்துக் கிடைக்கும் வைரம் பாய்ந்த பனஞ் சிலாகை இதற்கு மிக ஏற்றது. ஆயின் ஒட்டுவேலை நடக்கும் மூலையில் மரச் சிலாகை வேண்டாம். அங்கு இரும்புச் சட்டமே தகும். தகடு எரியாது என்பது உண்மை. அது வெப்பத்தைப் பின்னுள்ள மரத்துக்குக் கடத்திவிடும் என்பதும் உண்மை. இதே காரணத்தால், ஒலி குறையும் எனக் கருதித் தகட்டின் பின்னே ரெஜிபோம் அடைப்பது பெரும் ஆபத்து. தீப்பிடித்தால் அது உருகி, நச்சுப் புகை கக்கும்.

தகட்டின் அடியோரம் நிலத்தைத் தொடாமல் இரண்டு அங்குலமாவது உயர்ந்திருத்தல் வேண்டும். மேலோரத்திலும் இடைவெளி விடுக. கீழே புகும் காற்று பின்புறமாக ஏறி மேலே வெளியேறும், ஈரம் தங்காது. அந்த இடைவெளிகளை எலியும் பாம்பும் புகாவண்ணம் கம்பிவலையால் மூடுவது எம்மூரில் மறக்கத்தகாத காரியம்.

தகட்டை வெட்டுவதற்குத் தகரக் கத்தரியே உகந்தது. அரைக்கும் சில்லால் வெட்டினால் விளிம்பில் நாகம் கருகும். பறக்கும் இரும்புத் தூள் தகட்டில் ஒட்டிச் சில நாட்களிற் கறட் புள்ளிகளாக மலரும். திருகாணியை இறப்பர் வாசருடன், சுவரைத் தொடும் பள்ளத்திற் செலுத்துக. கூரையில் மேட்டில் அடிப்பது வழக்கம். அங்கே பள்ளத்தில் நீர் ஓடுமாதலால் அவ்வாறு செய்கிறோம். சுவரில் நீர் நில்லாது. பள்ளத்தில் முடுக்கினாற் பிடியும் உறுதியாகும். வெட்டிய விளிம்பு சவரக் கத்தியை ஒக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அவ்விளிம்பை மடித்தோ, மூலைச் சட்டத்தால் மூடியோ விடுதல் கட்டாயம்.

உலோகம் சூட்டில் விரியும் என்பதையும் மறத்தலாகாது. எட்டடி நீள இரும்புத் தகடு 40 பாகை சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் நீளும். மாலையிற் கூரைத் தகரம் "டக், டக்" என ஓசையிடுவது, அந்நீட்சி சுருங்குவதனாலேயாம். உட்சுவரில் வெப்ப மாற்றம் குறைவு. ஆதலின் திருகாணித் துளையைச் சிறிது தளர்வாக விட்டாற் போதும்.

வெப்பத்தைப் பற்றிக் கவலையுறுவோர் சுவரை விடுத்துக் கூரையை நோக்குக. மருதடி விநாயகர் தேரேறும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே கதிரவன் எமது தலைக்கு நேர்மேலே நண்பகலில் நிற்கிறான். ஆவணியில் மீண்டும் ஒருமுறை அவ்வாறு நிற்பான். அக்காலத்துப் பட்டறையை வாட்டுவது கூரையே. கூரையைக் காக்காமற் சுவருக்கு மட்டும் அணிசெய்தல் பயன்தராது.

காணாப் பகை

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. எமது வீடுகளில் ஓடும் மின்சாரம் 230 வோல்ற். சுண்ணாம்புச் சுவரில் ஒரு கம்பியின் உறை கிழிந்தால் அவ்விடம் மாத்திரமே ஆபத்தானது. உலோகச் சுவரிற் கிழிந்தாலோ சுவர் முழுவதும் ஆபத்தாகும். கம்பி தகட்டின் பின்னே மறைந்து ஓடுமாயின், படம் மாட்ட ஒருவர் செலுத்தும் ஒரே திருகாணி அதனைத் துளைத்துவிடலாம். வெறுங்காலுடன் ஈர நிலத்தில் நிற்கும் சிறுவன் அச்சுவரிற் கைவைத்தால் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே மின்கம்பிகளைத் தகட்டின் பின்னே மறைக்காது, முன்னே குழாயினுள் வெளித்தெரியக் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு தகட்டையும் புவித்தொடுப்புடன் இணைப்பியுங்கள். மரச் சிலாகையில் தனித்தனியே நிற்கும் தகடுகளுள் ஒன்றை இணைத்தால் மற்றவை தாமாகவே இணைந்தன என்று எண்ணற்க. புவித்தொடுப்பு மாத்திரம் போதுமா? போதாது. பழுதுற்ற கருவியை ஒரு கையிற் பிடித்து, மறு கையால் அச்சுவரைத் தொடுவோனுக்கு அத்தொடுப்பே மின்னின் வழியாகிவிடும். எனவே 30 மில்லி அம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்குமுன் மின்னை நிறுத்தும் ட்ரிப் சுவிச் கட்டாயம் வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். இவ்வேலையை அனுமதி பெற்ற மின்னிணைப்பாளரிடமே ஒப்படையுங்கள். செலவைச் சுருக்க வேண்டுமாயின் தகடுகளின் தொகையைச் சுருக்குக, இதனைச் சுருக்கற்க.

ஒளி, புகை, ஒலி

ஒட்டுவேலையின் ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத புறவூதாக் கதிரும் உண்டு. வேலை செய்பவர் முகக் கவசம் அணிந்திருப்பார். அவர் பின்னே பளபளக்கும் தகரம் அக்கதிரைத் தெறிக்க, முற்றத்தில் விளையாடும் தங்கையின் கண்ணை அது தாக்கும். அன்றிரவு கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தி நீர் வழியும். ஆதலால் அம்மூலைத் தகட்டுக்கு மினுக்கமற்ற மைபூசி, வாயிலுக்கு ஒரு மறைப்பும் இடுதல் வேண்டும். புதிய நாகத் தகட்டில் எண்ணெய் மை நேரே ஒட்டாது. சில காலத்திற் பட்டையாக உரியும். நாகத்துக்கென உள்ள அடிப்பூச்சைப் பூசிய பின்னரே மேற்பூச்சுப் பூசுக.

கருவி மாட்டும் கொளுக்கிகளை அத்தகட்டில் ஒட்டவைக்க முயலற்க. நாகம் 907 பாகையிற் கொதித்து வெண்புகையாகும். அதனை மூடிய அறையிற் சுவாசித்தவர்க்குச் சில மணி நேரத்தின் பின் குளிரும் காய்ச்சலும் உடல் உளைவும் தோன்றும். டெங்குவோ என வீட்டார் அஞ்சுவர். வைத்தியரிடம் செல்லும்போது, அன்று செய்த வேலையையும் மறவாது கூறவேண்டும். கொளுக்கிகளை மரையாணி கொண்டு பின்சட்டத்திற் பொருத்தினாற் போதும்.

ஒலியோ அயலாருக்கும் உரிய விடயம். கடினமான தகடு ஓசையை விழுங்காது திருப்பி அனுப்பும். தளர்ந்திருந்தாற் பறைபோலத் தானும் அதிரும். 85 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே தகும் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வாளரின் பரிந்துரை. 88 ஆனால் அது நான்கு மணியாகச் சுருங்கும். சிலாகைகளை நெருக்கமாக இடுதலும், மேற்பாதிச் சுவரைச் சுண்ணாம்பாகவே விடுதலும், பொறி எட்டாத எதிர்ச்சுவரிற் தும்புப் பாய் தொங்கவிடுதலும் ஓசையை ஓரளவு அடக்கும். காதடைப்பான் அணிதல் அதனினும் சிறந்தது. மாலை விளக்கேற்றியபின் சில்லை நிறுத்துதல் எல்லாவற்றினும் சிறந்தது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அடுத்த வீட்டிலும் இருக்கும்.

கையும் கல்வியும்

பிள்ளை வைத்தியனாகவோ பொறியியலாளனாகவோ அரச உத்தியோகத்தனாகவோ வரவேண்டும் என்று விரும்பும் நாம், அவன் கையில் அரம் இருப்பதைக் கண்டால் முகஞ் சுளிக்கிறோம். தொழிலுக்கென வீட்டில் ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் மிஞ்சிய இடமே. அதன் சுவர் மிஞ்சிய தகரத்தால் ஆனது. அதன் மின்னிணைப்பு மிஞ்சிய கம்பியால் ஆனது. விபத்துகளுக்கு வித்து அங்கேதான் ஊன்றப்படுகிறது. சுவாமி அறைக்குக் காட்டும் கவனத்திற் பாதியையேனும் பட்டறைக்குக் காட்டினால், பிள்ளையின் தொழிலை நாம் மதிக்கிறோம் என்பதைச் சொல்லாமலே சொல்லியவராவோம்.

1848 முதல் இதே மானிப்பாயில் இருந்து பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தும் நூல்களைத் தமிழாக்கியும் சென்றார். கற்றோர் நூலிலிருந்த அறிவு ஊரார் மொழிக்கு இறங்கியதால் உயிர்கள் பிழைத்தன. இன்று புவித்தொடுப்பும் நாகப் புகையும் புறவூதாக் கதிரும் எமது மாணவரின் பாடநூல்களில் நல்ல தமிழில் உள்ளன. அவை பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிடாமல், அண்ணன் வேலை செய்யும் கொட்டகைக்குள்ளும் நுழையவேண்டும். இன்று மாலையே மாணவர் ஒருவர் தம் வீட்டுப் பட்டறைக்குச் சென்று, "இத்தகரத்தின் பின்னே கம்பி ஓடுகிறதா? ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா?" என்று கேட்பாராயின், அவர் கற்ற பௌதிகம் பயன் தந்ததாகும்.